டிரம்ஸ் வாசித்தவர்

அண்ணி: மெதுவாப் பேசுங்க. உள்ள முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கார்.

கவி: ரேடியோ பாடுதே அண்ணி.

அண்ணி: அது பாட்டுக்கு ஓடும். காது ரெண்டும் வாசல்லதான் இருக்கும். செருப்பை அப்படியே விடுங்க... கொழுந்தனாரே, ஒன்னு கேக்கறேன். சுத்தி வளைக்காம சொல்லுங்க. இன்னைக்கு அவர்கிட்ட சொல்லப் போறீங்களா?

கவி: சொல்லத்தான் வந்தேன்.

அண்ணி: வேணாம்.

கவி: போன வாரம் போன்ல நீங்கதானே சொன்னீங்க... மறைச்சா பாவம், நேர்ல வந்து சொல்லிடுங்கன்னு?

அண்ணி: போன வாரம் சொன்னேன். இன்னைக்கு காலையில அவரைப் பார்த்ததும் வாய் அடைச்சுப் போச்சு. அஞ்சு மணிக்கே எந்திரிச்சு, அந்தக் கையை வச்சுக்கிட்டு தானே ஷேவ் பண்ணியிருக்கார். தாடையில ரெண்டு இடத்துல வெட்டு. நீலச் சட்டையை எடுத்து இஸ்திரி போடுன்னார். எங்க கிளம்பிட்டீங்கன்னு கேட்டா, 'எங்கயும் இல்லைடி, என் ஆல்பம் வீட்டுக்கு வருது'ங்கறார்.

கவி: அவன் ஆல்பம்தான் அது.

அண்ணி: எப்படி அவர் ஆல்பம்? நாலு நாள் ஸ்டுடியோவுல உக்காந்து ஒன்பது பாட்டுக்கு டிரம்ஸ் அடிச்சார். நான் பிளாஸ்க்கும் தலகாணியும் தூக்கிக்கிட்டு பின்னாடியே அலைஞ்சேன். அதை ஒன்னு விடாம எடுத்துட்டு வேற ஆளை வச்சு அடிச்சுட்டீங்க. அதுல அவர் எங்க இருக்கார்?

கவி: அண்ணி...

அண்ணி: திட்டலை. அவர் கை நடுங்குறது எனக்குத் தெரியாதா? டம்ளர் பிடிச்சா பாதித் தண்ணி சட்டைக்குத்தான். உங்களுக்கும் வயசாச்சு. பதினாலு வருஷம் கழிச்சு ஒரு ஆல்பம், அது நல்லா வரணும்னு நெனக்கிறது தப்பில்லை. ஆனா அவர்கிட்ட சொல்லாதீங்க. பாட்டைப் போட்டுக் காட்டுங்க, 'நல்லா அடிச்சிருக்கடா'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, டீயைக் குடிச்சுட்டுப் போங்க.

கவி: நாளைக்கு அட்டை அச்சுக்குப் போகுது அண்ணி. யார் யார் என்ன வாசிச்சாங்கன்னு பேர் போடணும்.

அண்ணி: அவர் பேரைப் போடுங்க.

கவி: வாசிச்சது அந்தப் பொண்ணு...

அண்ணி: அந்தப் பொண்ணுக்கு இன்னும் நூறு ஆல்பம் இருக்கு. இவருக்கு?

இடி: யாரு, கவியா? வாசல்ல நின்னு என் பொண்டாட்டிகிட்ட என்னடா ரகசியம்?

அண்ணி: ஒன்னுமில்லை! செருப்பெல்லாம் சேறு, தட்டிட்டு வரச் சொன்னேன்! ...கண்ணைத் துடைங்க. சிரிச்ச முகமா வாங்க.

*

இடி: வாடா கவிராயா! என்ன, எலும்பும் தோலுமா ஆயிட்ட? பாட்டெழுதியே உருகிட்டியா?

கவி: நீ மட்டும் என்னவாம். மாப்பிள்ளை மாதிரி ஜொலிக்கிற.

இடி: சட்டை அவ கைவண்ணம். மூஞ்சி என் கைவண்ணம். வெட்டு தெரியுதா?

கவி: தெரியலை.

இடி: சரி சரி... எங்க? கொண்டா.

கவி: இருடா, மூச்சு வாங்கிக்கறேன். உங்க வீட்டு மாடிப்படி ஒரு நாள் என்னைக் கொண்டு போயிடும்.

இடி: வாங்கு, வாங்கு. நாப்பத்திரண்டு வருஷமா உன் மூச்சுக்குக் காத்துக்கிட்டு உக்காந்திருந்தவன்தானே நான். பாட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நீ ஒரு மூச்சு இழுப்ப, அதைக் கேட்டுத்தான் குச்சியைத் தூக்குவேன். ஜனமெல்லாம் உன் மூஞ்சியப் பார்த்துச்சு. நான் பார்த்தது உன் முதுகை. அடுத்து எந்தப் பாட்டுன்னு உன் முதுகே சொல்லிடும்.

அண்ணி: முதுகைப் பார்த்தே ஒரு குடும்பம் நடத்திட்டாங்க ரெண்டு பேரும். நான்தான் நடுவுல சும்மா வந்து மாட்டிக்கிட்டேன்.

இடி: நீ ஏன்டி நின்னுக்கிட்டிருக்க? உக்காரு. உக்காந்து கேளு. புருஷன் கடைசியா என்ன கிழிச்சான்னு தெரிஞ்சுக்க வேணாமா?

அண்ணி: கடைசின்னு சொல்லாதீங்க.

இடி: சரிடி, கடைசிக்கு முந்தினது. போதுமா? போடுடா.

கவி: சத்தம் எவ்வளவு வைக்கட்டும்?

இடி: கீழ் வீட்டுக்காரன் மேல வந்து கதவைத் தட்டற அளவுக்கு.

கவி: ...வருது பாரு. முதல் பாட்டு.

இடி: ஓ, வேன் பாட்டு! 'பாதி டயரு, பாதி நம்பிக்கை... மீதி தூரம் தள்ளிக்கிட்டே போனோம்'... டேய், அந்த வேனைத் தள்ளினது நானும் கிட்டார்காரனும். நீ உள்ள உக்காந்து பாட்டு எழுதிக்கிட்டிருந்த!

கவி: யாராவது ஒருத்தர் எழுதணுமே.

இடி: எழுது, எழுது. வந்த கூட்டம் இருபது பேர், அதுல பதினஞ்சு பேர் மழைக்கு ஒதுங்கினவங்க. மறுநாள் பத்திரிகைக்காரன் என்னமோ எழுதினானே... நாட்டுப்பாட்டுக்கு ஜீன்ஸ் மாட்டிவிட்டவங்கன்னு...

அண்ணி: திட்டி எழுதினான். நீங்க அதை வெட்டி கண்ணாடி போட்டு மாட்டினீங்க.

இடி: பாராட்டி யாரும் எழுதலையே, எதையாவது மாட்டணும்ல! ...ஸ்... இரு, இரு. இங்க... இந்த இடம்... ஆ! உருட்டினேன் பார்த்தியா! கேட்டியாடி?

அண்ணி: கேட்டேன், கேட்டேன்.

இடி: எழுபது வயசுல எவன்டா இப்படி உருட்டுவான்? கவி, சொல்லேன்!

கவி: ...நல்லா... நல்லா அடிச்சிருக்கடா.

இடி: என்னடா குரல் கம்முது?

கவி: படி ஏறி வந்தது.

அண்ணி: அவருக்கு டீ கொடுக்கறேன். நீங்க ஏன் ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு அமுக்கிக்கிட்டு உக்காந்திருக்கீங்க?

இடி: குளிருது.

அண்ணி: இந்த வெயில்லயா?

இடி: எனக்குக் குளிருதுடி, உனக்கென்ன? அடுத்ததைப் போடுடா.

*

இடி: இது அஞ்சாவதா?

கவி: அஞ்சாவது. கதவுப் பாட்டு.

அண்ணி: இதைக் கேட்டா எனக்கு ஆகாது. ஸ்டுடியோவுலயே வெளிய போயிட்டேன்.

கவி: நிறுத்திடவா அண்ணி?

அண்ணி: வேணாம், ஓடட்டும். 'கதவு திறந்தே கிடக்கு, காத்து மட்டும் வந்து போவுது'... யாரை நெனச்சு எழுதினீங்க கொழுந்தனாரே?

கவி: கிட்டார்காரனைத்தான். போயி மூணு வருஷம் ஆச்சு. இன்னும் ஞாயித்துக்கிழமையானா அவன் வருவான்னு ஒரு நாற்காலி அதிகமாப் போட்டுடறேன்.

இடி: எங்கிட்ட சொல்லவே இல்லையே.

கவி: சொன்னா நீ சிரிப்ப.

இடி: சிரிச்சிருப்பேன்... அப்புறம் ரெண்டு பேரும் அழுதிருப்போம். அழுகையை விடு, அந்த சிம்பல் தட்டைக் கேளு. தொட்டும் தொடாம...

அண்ணி: நீங்க அடிச்சதுதானே.

இடி: நான் அடிச்சதுதான். அதான் சொல்றேன். பேய் மாதிரி அடிச்சிருக்கேன்!

கவி: போதும்டா... நெஞ்சை அடைக்குது.

இடி: பாட்டெழுதினவனுக்கே அடைக்குதுன்னா, நல்ல பாட்டுதான்.

அண்ணி: இந்தா, ஆறாவது வந்துடுச்சு. இதுதான் எனக்குப் பிடிச்சது... இருங்க, ரெண்டாவது பல்லவி வரட்டும்... ஓடிட்டீங்க! ஓடிட்டீங்க பாருங்க!

இடி: ம்.

அண்ணி: நாப்பது வருஷமா இதே கதை. முதல் பல்லவிக்கு ஒழுங்கா உக்காந்திருப்பார். ரெண்டாவது வந்தா போதும், கயிறு அறுத்துக்கிட்ட கன்னுக்குட்டி மாதிரி. மெல்ல மெல்ல வேகம் ஏறிடும். பாவம் நீங்க, பின்னாடியே பாடிக்கிட்டு ஓடணும்.

கவி: ரசிகருங்க அதுக்கு 'இடி ஓட்டம்'னே பேர் வச்சுட்டாங்களே அண்ணி.

அண்ணி: எங்க வீட்டுக்காரர் தப்புக்கும் பேர் வச்சுக் கொண்டாட ஊர்ல ஆள் இருந்துச்சு!

இடி: ம்... ஓடிட்டேன். ஆமா, மாத்திரை தீர்ந்துடுச்சுன்னியே?

அண்ணி: சாயங்காலம் வாங்கிக்கலாம்.

இடி: மத்தியானத்துக்கு ஒன்னு போடணும்டி. போன தடவை ஒரு வேளை தப்பினதுக்கே ஸ்பூனைப் பிடிக்க முடியலை. மருந்துக்கடைக்காரன் சாப்பாட்டுக்குக் கடையைச் சாத்திடுவான்.

அண்ணி: பாட்டு இன்னும் மூணு இருக்கே.

இடி: நிறுத்தி வைக்கச் சொல்றேன். நீ வந்ததும் சேர்ந்து கேக்கலாம். போடி, போயிட்டு வா.

அண்ணி: ...கொழுந்தனாரே.

கவி: சொல்லுங்க அண்ணி.

அண்ணி: நான் வர்ற வரைக்கும் பழைய கதை ஏதாவது பேசிக்கிட்டிருங்க. பழைய கதை மட்டும். என்ன?

கவி: சரிங்க அண்ணி.

*

இடி: போயிட்டாளா?

கவி: படி இறங்குற சத்தம் கேட்டுச்சே.

இடி: ஜன்னல்ல பாரு.

கவி: ரோட்டைத் தாண்டிட்டாங்க. ஏன்டா?

இடி: உக்காரு. யாருடா அது?

கவி: எது யாரு?

இடி: அடிச்சிருக்கிறது.

கவி: நீதான்.

இடி: இன்னொரு தடவை சொல்லு.

கவி: இரு, பாட்டை நிறுத்திடறேன்.

இடி: என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லு.

கவி: எப்பத் தெரிஞ்சுது?

இடி: முதல் பாட்டு. நீ வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே.

கவி: அப்புறம் ஏன்டா... 'உருட்டினேன் பார்த்தியா'ன்னு அந்தக் குதி குதிச்ச?

இடி: அவ பக்கத்துல உக்காந்திருந்தாளே. உன் மூஞ்சியையும் என் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பார்த்துக்கிட்டு, விரலைத் திருகிக்கிட்டு... அவளுக்கும் தெரியும், இல்லையா?

கவி: போன வாரம் சொன்னேன்.

இடி: நெனச்சேன். நாலு நாளா எனக்கு உப்பு உறைப்பா சமைச்சுப் போடறா. டாக்டர் வேணாம்னதெல்லாம் தட்டுக்கு வருது. நான் சந்தோஷமா இருக்கணும்னு அவளுக்கு ஆசை. அவளுக்காக அரை மணி நேரம் நடிச்சா நான் என்ன தேய்ஞ்சா போயிடுவேன்?

கவி: எங்களை நாங்களே ஏமாத்திக்கிட்டு... எப்படிடா கண்டுபிடிச்ச?

இடி: அந்தப் பையன் இடது கைக்காரன்.

கவி: பொண்ணு.

இடி: பொண்ணா?

கவி: இருபத்தெட்டு வயசு.

இடி: அடேங்கப்பா... நல்ல கைடா. சத்தியமாச் சொல்றேன், நல்ல கை. அந்தக் கதவுப் பாட்டுல சிம்பலை விட்டு விட்டு அடிக்கிற பொறுமை எனக்கு என்னைக்குமே இருந்ததில்லை. நானா இருந்தா சும்மா இருக்க முடியாம நாலு தட்டு தட்டியிருப்பேன்.

கவி: உன் பழைய ஆல்பம் பத்தும் கொடுத்து கேக்கச் சொன்னேன். மூணு வாரம் அதையே கேட்டா. உன்னை மாதிரியே வாசிக்கணும்னு சொல்லிட்டேன்.

இடி: தெரியுது. அங்கதான் மாட்டிக்கிட்டீங்க.

கவி: எங்க?

இடி: ரெண்டாவது பல்லவியில. இதுவரைக்கும் போட்ட ஆறு பாட்டு, ஆறுலயும் ஓடறா. ஒரே அளவா ஓடறா. ஒரே இடத்துல பிடிச்சு நிறுத்தறா. டேய், நான் ஓடறது எனக்கே தெரியாம ஓடறது! தெரிஞ்சா ஓடுவேனா? ஒரு நாள் ஓடுவேன், ஒரு நாள் உன்மேல கோவம்னா நகரவே மாட்டேன். முன் வரிசையில எவனாவது கொட்டாவி விட்டா ரெண்டு பல்லவிக்கும் சேர்த்து ஓடுவேன். தப்பை இவ்வளவு ஒழுங்கா யாராவது பண்ணுவாங்களா?

கவி: அவ முதல்ல நேராத்தான் வாசிச்சா. கடிகாரம் மாதிரி. எனக்குப் பாட வரலை.

இடி: ஏன்?

கவி: ரெண்டாவது பல்லவியோட கடைசி வரியை எப்பவும் நீளமா எழுதுவேன். நடுவுல மூச்சு விட இடமே இருக்காது. நீ ஓடினாத்தான் என் மூச்சு முடியறதுக்குள்ள வரி முடியும். எல்லாப் பாட்டும் அப்படித்தான். உன் ஓட்டத்தை நம்பி எழுதினது.

இடி: அடப்பாவி! 'ஓடாதே, ஓடாதே'ன்னு மேடைக்குப் பின்னாடி வந்து கத்துவியே? ஒரு தடவை தண்ணி பாட்டிலைத் தூக்கி எறிஞ்சியே?

கவி: சொல்லியிருந்தா நீ தெரிஞ்சு ஓடுவ. தெரிஞ்சு ஓடினா எப்படி இருக்கும்னு இப்பக் கேட்டியே.

இடி: ...நாப்பது வருஷம். ஒரு வார்த்தை சொல்லலை பார்த்தியா. நான் அதை ஒரு வியாதி மாதிரி நெனச்சு வெட்கப்பட்டுக்கிட்டு இருந்தேன்டா.

கவி: தப்புதான்.

இடி: விடு... என்னோடது ரொம்ப மோசமா இருந்துச்சா?

கவி: வேணாம்டா.

இடி: கேக்கறேன்ல. நீயும் நானும் முகஸ்துதி பேசிக்கிற வயசா?

கவி: வலது கை சரியாத்தான் இருந்துச்சு. இடது கை பின்னாடி வந்துச்சு. சில இடத்துல வரவே இல்லை. நான் அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்துக்கிட்டு நிக்கிறேன், அடி வரலை. நம்ம ரெக்கார்டிங் மொட்டை ரெண்டு வாரம் ஒவ்வொரு அடியா வெட்டி, நகர்த்தி, ஒட்டிப் பார்த்தான். ஒட்டினா அது நீயா இல்லை. ஒட்டாம விட்டா...

இடி: ஒட்டாம விட்டா அது நான்தான். இப்ப இருக்கிற நான்.

கவி: அழாதேடா.

இடி: நான் எங்க அழறேன்? கண்ணு அது பாட்டுக்கு ஊத்துது, மாத்திரையோட வேலை. நீ ஏன் அழற?

கவி: எனக்குப் பயமா இருந்துச்சுடா. என் குரலும் போயிக்கிட்டிருக்கு. காலையில பத்து நிமிஷம் இருமினாத்தான் பேச்சே வருது. இதுக்கப்புறம் நான் ஒன்னு பாடுவேன்னு எனக்கு நம்பிக்கை இல்லை. இது நல்லா வரலைன்னா எல்லாரும் இதைத்தான் கடைசியா நெனச்சு வச்சுக்குவாங்க... கிழவனுங்க ரெண்டு பேர் தட்டுத் தடுமாறினாங்கன்னு.

இடி: அது நியாயம்தான்.

கவி: நியாயம் இல்லை.

இடி: நான் நியாயம்னு சொல்றேன்ல? ...யாரு முதல்ல சொன்னது? வேற ஆளை வச்சு அடிக்கலாம்னு?

கவி: மொட்டைதான். ஸ்டுடியோவுல கூப்பிட்டு உக்கார வச்சு, இதை மாத்திடலாமான்னான்.

இடி: நீ என்ன சொன்ன?

கவி: நானா...

இடி: ஆமா, நீ.

கவி: சண்டை போட்டேன்.

இடி: சண்டையா?

கவி: பின்ன? 'அவன் இல்லாம எனக்கு ஆல்பமே வேணாம்'னேன். நாற்காலியைத் தள்ளிவிட்டுட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

இடி: அடேயப்பா. அப்புறம்?

கவி: மறுநாள் அவன் போனை நான் எடுக்கவே இல்லை. பதினேழு தடவை கூப்பிட்டான்.

இடி: பதினேழா? எண்ணினியா?

கவி: எண்ணினேன். வீட்டுல சாப்பிடலை. மக வந்து கெஞ்சினா. 'உன் இடி மாமாவுக்கு நான் துரோகம் பண்ண மாட்டேன்'னுட்டேன்.

இடி: பாவம், குழந்தை பயந்திருக்கும்.

கவி: மூணாவது நாள் ஸ்டுடியோவுக்கே போயி மொட்டை காலரைப் பிடிச்சுட்டேன்.

இடி: அவன் எப்பவும் பனியன்தானே போடுவான்? காலர் எங்க?

கவி: அன்னைக்கு... அன்னைக்கு சட்டை போட்டிருந்தான்.

இடி: ஓ. நல்லா உலுக்கினியா?

கவி: உலுக்கினேன். அவன்தான் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'அண்ணே, உங்க ரெண்டு பேர் பேரும் கெட்டுடும்ணே'ன்னு அழுதான். அவன் அழுததும் நான் உடைஞ்சு போயிட்டேன். மூணு நாள்டா. மூணு நாள் தாக்குப் பிடிச்சேன்.

இடி: மூணு நாள்.

கவி: முழுசா மூணு நாள்.

இடி: சரி. நீ சொன்னா சரி... அட்டையில யார் பேர் போடறீங்க?

கவி: உன் பேர்தான். டிரம்ஸ், இடி. பெருசா போடச் சொல்லிட்டேன்.

இடி: எடுத்துடு. அந்தப் பொண்ணு பேரைப் போடு.

கவி: முடியாது.

இடி: அடுத்தவன் பிள்ளைக்கு நான் அப்பன்னு கையெழுத்துப் போடச் சொல்றியா? அது மூணு வாரம் ராப்பகலா என் தப்பைக்கூடப் படிச்சு வாசிச்சிருக்கு. அதுக்கு ஒரு அம்மா அப்பா இருப்பாங்க. அட்டையைத் திருப்பி மகளோட பேரைத் தேடுவாங்க. அங்க என் பேர் இருந்தா அவங்க வயிறு எரியாதா?

கவி: அண்ணிக்கு என்ன சொல்றது?

இடி: அவகிட்ட நான் சொல்லிக்கறேன். அவ என்கிட்ட மறைச்சதுக்கு நாலு நாள் முறைச்சுக்கிட்டுத் திரிவேன், அப்புறம் சரியாயிடும். அதெல்லாம் எங்க வீட்டு வழக்கம்.

கவி: அப்படின்னா ஆல்பத்துல உன் பேரே இருக்காதுடா. முதல் தடவையா.

இடி: இருக்காது.

கவி: கிட்டார்காரனும் இல்லை. நீயும் இல்லை. நான் மட்டும்...

இடி: நீ மட்டும்தான். அதுக்கு இப்பவே பழகிக்கோ.

கவி: அப்படிப் பேசாதேடா... என்மேல கோவம் இல்லையே உனக்கு?

இடி: எதுக்கு? நீதான் எனக்காக மூணு நாள் பட்டினி கிடந்து போராடியிருக்கியே.

கவி: போராடினேன்டா. சத்தியமா...

இடி: சத்தியம் வேணாம்.

கவி: ஏன்? நம்பலையா?

இடி: படியில சத்தம் கேக்குதா? அவ வந்துட்டா போல.

கவி: கீழ் வீட்டுக்குப் போறாங்க யாரோ. நீ சொல்லு. நம்பலையா?

இடி: கவி... மொட்டை என்கிட்ட இருபத்தஞ்சு வருஷமா பழகறவன். முதல் முதலா மைக் வைக்கக் கத்துக்கிட்டதே என் டிரம்ஸுக்குத்தான். என் அடியை எடுத்துடலாம்னு உன்கிட்ட வந்து தானாச் சொல்ல அவனுக்குத் தைரியம் ஏதுடா?

கவி: அப்ப... யாரு சொன்னா?

இடி: நான்தான். அவன் வெட்டி ஒட்டினதை ஒரு நாள் போன்ல போட்டுக் காட்டினான், என் காதுக்கே பொறுக்கலை. 'எடுத்துடுப்பா, வேற ஆளைக் கூப்பிடு, ஆனா முதல்ல அவன்கிட்ட கேளு... வேணாம்னு ஒரு வார்த்தை அவன் சொல்லிட்டா போதும், எவ்வளவு மோசமா இருந்தாலும் அப்படியே இருக்கட்டும்'னேன். நீ சண்டை போடுவ, எப்படியும் ரெண்டு மூணு நாள் ஆகும்னு நெனச்சு, போனைக் கீழ வைக்காம உக்காந்திருந்தேன்டா. டீ ஆறலை, மொட்டை திரும்பக் கூப்பிட்டு, 'சரின்னுட்டார்ணே'ன்னான்.